பிழைக்கு விலை கொடுப்பவர் யார்?

"சாக்ரடீசு எந்தப் பயிற்சிக் கல்லூரியில் படித்தார்? தொல்காப்பியர் எந்தத் தேர்வில் தேறிச் சான்றிதழ் வாங்கினார்?"

கேட்டார் நண்பர். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில், விளக்கேற்றும் நேரத்தில், ஏடுகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது எழுந்த கேள்வி அது. கேட்டவர் வீண் வம்பு பேசுபவரல்லர். இயற்பியலிலே பட்டம் பெற்றவர். பட்டறை ஒன்றில் கணக்கெழுதிக் குடும்பத்தைக் காப்பவர். மாலையானால் தெருப் பிள்ளைகளைத் திண்ணையிலே கூட்டி வைத்து, காலணாக் கூடப் பெறாமல் கணக்குச் சொல்லித் தருபவர். அவரிடம் படித்த பிள்ளைகள் தேறியிருக்கிறார்கள். ஆனால் ஆசிரியர் என்ற பெயரோடு பள்ளியின் வாயிற்படியை அவர் மிதிக்க முடியாது. கையிலே பி.எட். இல்லை. இரண்டாண்டுகள் ஊதியமின்றிப் படிக்க வீட்டிலே வசதி இல்லை.

"அறிவு இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது, தாள் ஒன்றுதான் இல்லை! கல்லை வணங்காதே என்று ஊருக்கு உரைக்கும் நீங்கள், தாளை வணங்கலாமோ?" என்று கூறிச் சிரித்தார்.

நான் ஆசிரியன். அந்தத் தாளைப் பெற்றவன். அன்று விடை கூறாமலே வீடு திரும்பினேன். விடை இல்லாமலல்ல, கூற வேண்டிய விடையிலே என் குற்றம் ஒன்றும் கலந்திருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுவதே முறை எனத் தோன்றியதால் எழுதுகிறேன்.

முதலில் சாக்ரடீசைப் பார்ப்போம். அவரைச் சூழ்ந்து நின்றோர் ஏதென்சு நகரத்து இளைஞர்கள். பேச்சுப் பிடித்தால் நிற்பர்; பிடிக்காவிடில் நடப்பர். அவரை மடக்கிக் கேட்கலாம், மறுத்துப் பேசலாம். நம் சிற்றூர்ப் பள்ளியிலே முதல் வகுப்பில் அமர்ந்திருக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கு அந்த உரிமை உண்டா? 'உமக்குக் கற்பிக்கத் தெரியவில்லை, நான் போய் வருகிறேன்' என்று எழுந்து போக முடியுமா? போக முடியாது என்பது மட்டுமன்று. தனக்குக் கிடைப்பது நல்ல கல்வியா, பொல்லாக் கல்வியா என்பதை அறியவும் அதற்கு வயதில்லை. இறங்கிப் போக இயலாத பயணிகளை ஏற்றிச் செல்லும் வண்டிக்காரனிடம், 'உரிமம் உண்டா?' என்று கேட்கிறோம். அது தாள் வணக்கமா? இல்லை. ஏறி அமர்ந்தோர்பால் நமக்குள்ள பொறுப்பு.

அளவுகோல் வேண்டும் என்ற எண்ணம் வெள்ளைக்காரன் கப்பலில் வந்திறங்கியதுமன்று. நன்னூலின் பொதுப்பாயிரத்தைப் புரட்டுங்கள். ஆசிரியர் யார் என்பதற்கு இலக்கணமே வகுத்திருக்கிறார் பவணந்தியார். நிலம் போன்ற பொறுமை வேண்டும், மலை போல் அசையாமை வேண்டும், துலாக்கோல் போல் நடுநிலை வேண்டும், மலர் போல் மென்மை வேண்டும் என்கிறார். ஆசிரியராகத் தகாதவர் இன்னார் என்றும் கூறுகிறார். நீர் ஊற்றி வளர்த்தவனுக்குக் கொடாமல், வேலிக்கு அப்பால் வளைந்து, பிறனுக்குக் காய் தரும் முடத்தெங்கை உவமையாகக் காட்டுகிறார். அருமையான அளவுகோல்தான். ஆனால் தோழர்களே, அந்தத் தகுதிகளின் வரிசையிலே தலைவாயிலில் நிற்கும் சொல் எது தெரியுமா? குலன்! கலை பயின்ற தெளிவு அதற்குப் பின்னால்தான் வருகிறது. நற்குலத்தில் பிறந்திருக்க வேண்டும், பிறகுதான் மற்றவை!

இங்கேதான் நண்பர் எள்ளி நகையாடிய தாளின் அருமை தெரிகிறது. பயிற்சிச் சான்று, 'நீ எவருக்குப் பிறந்தாய்?' என்று கேட்பதில்லை. 'நீ என்ன கற்றாய்?' என்று கேட்கிறது. பிறப்பு வைத்திருந்த பூட்டைத் திறக்கும் சாவியாக அது சிலருக்கு அமைந்தது. குழந்தைப் பருவத்திலேயே கைம்பெண்ணாக்கப்பட்டவர் சகோதரி சுப்புலட்சுமி. 1911 ஆம் ஆண்டு சென்னையிலே பட்டம் பெற்றார். எதிரே வந்தால் சகுனம் கெடும் என்று ஒதுக்கப்பட்ட இளங்கைம்பெண்களைச் சென்னைக் கடற்கரை ஐஸ் அவுசிலே சேர்த்துப் படிக்க வைத்து, ஆசிரியைகளாக்கினார். அந்த இல்லம் ஒரு சாதிப் பெண்களுக்கு மட்டுமே கதவு திறந்தது. அந்தக் குறையை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. 1922 இல் தொடங்கப்பட்ட லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கும் அவரே முதல்வரானார். மூலையிலே முடங்கு என்று சமுதாயம் ஆணையிட்ட பெண், கரும்பலகையின் முன் நிமிர்ந்து நின்றாள். அவளுக்கு அந்த இடத்தை வாங்கித் தந்தது எது? குலமன்று, கோத்திரமன்று, பயிற்சியும் சான்றும்!

எனவே, சான்று வெறுந்தாள் என்று வீசிவிட நான் ஒருப்படேன்.

ஆயினும், திறக்க வந்த சாவியே பூட்டாக மாறுவதும் உண்டு. ஆசிரியர் கல்விக்கான 2014 ஆம் ஆண்டு விதிகள், ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பை இரண்டாண்டாக்கின. நோக்கம் நல்லது. ஆனால் இரண்டாண்டுக் கட்டணமும், இரண்டாண்டு ஊதிய இழப்பும் யாரை வெளியே நிறுத்தும்? பட்டறைக் கணக்கரை நிறுத்தும். தறிக்காரர் மகளை நிறுத்தும். குலம் கேட்காத கதவு பணம் கேட்கிறது. பணம் கொடுத்தோர் பெற்ற பயிற்சியாவது தரமானதா? உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி வர்மா குழு, பயிற்சி நிறுவனங்கள் பலவற்றின் தாழ்ந்த நிலையை 2012 ஆம் ஆண்டு அறிக்கையிலே எடுத்துக்காட்டியது. ஆகவே, வேறு வழி வேண்டும் என்று நண்பர் கேட்பதிலே நியாயம் இல்லாமலில்லை.

நேர்வழி என்பது, முதலில் பயிற்சி, பிறகு பணி. மாற்று வழி என்பது, பணியிலே இருந்துகொண்டே பயிற்சி. இந்த மாற்று வழியின் வரலாற்றிலே நம் சென்னைக்கும் ஓர் இடமுண்டு.

1789 ஆம் ஆண்டு. எழும்பூரிலே படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளி. அதற்குப் பொறுப்பேற்றார் ஸ்காத்லாந்து நாட்டுப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல். நம் நாட்டுச் சிறார் மணலிலே விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் நடத்த முயன்றார், உதவியாசிரியர் ஒத்துவரவில்லை. எட்டு வயது மாணவன் ஒருவனை அழைத்து, இளைய பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் வேலையை அவனிடம் ஒப்படைத்தார். வேலை நடந்தது! நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை நாம் அறிவோம் அல்லவா? அவனுக்கு அண்ணன் தம்பி முறையானவனே இந்தச் சிறுவனும். பெல் தாயகம் திரும்பி, 1797 இல் தம் சோதனையை நூலாக்கினார். சென்னையின் பெயராலேயே 'மெட்ராஸ் முறை' என்று அது இங்கிலாந்தில் பரவிற்று. ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் இதே போன்றதொரு முறையை நடத்தி, நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர் போதும் என்று பறைசாற்றினார்.

ஏன் அத்தனை வரவேற்பு? செலவு குறைவு! அந்த முறையைப் பரப்ப 1811 இல் தோன்றிய சங்கத்தின் பெயரிலேயே 'ஏழைகளின் கல்வி' என்ற சொல் இருந்தது. ஏழைப் பிள்ளைக்கு ஏழைப் பிள்ளையே ஆசிரியன். கற்க வேண்டிய வயதிலே ஒருவன் கற்பிக்கிறான். அவனிடம் மற்றவர் கற்கிறார்கள். அரைகுறை கற்றவன் கால்குறை கற்பித்தான். அந்தக் குறை கண்டுதான், 1846 ஆம் ஆண்டு கே ஷட்டில்வொர்த் என்ற அதிகாரி அதைத் திருத்தினார். பதின்மூன்று வயது நிரம்பியவரையே மாணவ ஆசிரியராகச் சேர்த்தார். ஐந்தாண்டுப் பழகுநர் காலம், தலைமையாசிரியரிடம் நாள்தோறும் பாடம், ஆண்டுதோறும் தேர்வு, கையிலே சிறு ஊதியம், முடிவிலே பயிற்சிக் கல்லூரிக்குச் செல்ல உதவித்தொகை என்று வகுத்தார். குறை முழுதும் நீங்கவில்லை. என்றாலும் ஒரு பாடம் கிடைத்தது. மாற்று வழி கெட்டதன்று. காவலின்றி விடப்பட்ட மாற்று வழியே கெட்டது.

அந்தப் பாடத்தை உலகம் நினைவில் வைத்ததா? அமெரிக்க நாட்டைப் பாருங்கள். ஆசிரியர் கிடைக்காதபோதெல்லாம் பயிற்சியற்றவருக்கு அவசரச் சான்று கொடுத்து வகுப்பிலே நிறுத்தும் வழக்கம் அங்கே இருந்தது. அதற்கு மாற்றாக, நியூ செர்சி மாநிலம் 1984 இல் ஒரு திட்டத்தை ஏற்றது. பட்டதாரிகள் தற்காலிக உரிமத்தோடு பணியில் சேரலாம். மூத்தோர் மேற்பார்வையில் கற்பித்துக்கொண்டே பயிற்சியை முடிக்க வேண்டும். பின்னர் பிற மாநிலங்களும் தத்தமக்கேற்ற மாற்று வழிகளைத் திறந்தன. 1990 இல் வெண்டி காப் என்ற இளம்பெண் 'டீச் பார் அமெரிக்கா' என்ற அமைப்பின் வழியே ஏறத்தாழ 500 பட்டதாரிகளைக் கோடையிலே சில வாரம் பயிற்றுவித்து, ஈராண்டுப் பணிக்கு அனுப்பினார். எங்கே? ஏழைகள் படிக்கும் பள்ளிகளுக்கு. நம் நாட்டிலும் 2009 முதல், அதன் வழியில் வந்த அமைப்பொன்று மும்பையிலும் புனேயிலும் பணி தொடங்கிற்று.

பலன் என்ன? பகுத்தறிவாளர் ஊகத்தால் தீர்ப்புச் சொல்லலாகாது. 2004 இல் மேத்தமேட்டிகா என்ற நிறுவனம் நடத்திய ஆய்வில், அதே பள்ளிகளின் மற்ற ஆசிரியர்களிடம் படித்த பிள்ளைகளைவிட, இந்த இளைஞர்களிடம் படித்தோர் கணக்கிலே சற்று மேம்பட்டிருந்தனர்; வாசிப்பிலே வேறுபாடில்லை. 2005 இல் லிண்டா டார்லிங் ஆமண்ட் குழுவினர் ஊசுடன் நகரத்திலே ஆராய்ந்தபோது, முறையான சான்று பெற்ற ஆசிரியரிடம் படித்தோரே மேம்பட்டிருந்தனர். முரண்பாடு போல் தோன்றும். கூர்ந்து நோக்கினால் முரணில்லை. முன்னதிலே ஒப்பிடப்பட்ட மற்ற ஆசிரியர்களிலும் பலர் முறையான பயிற்சி பெறாதவர்களே! அந்தச் செய்திதான் என் நெஞ்சை உறுத்துகிறது. ஏழைப் பிள்ளைக்குக் கிடைத்தது, பயிற்சி பெறாத ஒருவரா, சில வாரம் பயிற்சி பெற்ற ஒருவரா என்ற தேர்வு மட்டுமே. முழுப் பயிற்சி பெற்று, அனுபவத்தால் முதிர்ந்தவர் அந்தத் தேர்விலேயே இல்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், ஆசிரியருக்குக் குறைந்த அளவு தகுதி வேண்டும் என்றது. இல்லாதோர் ஐந்தாண்டுகளில் பெற்றாக வேண்டும் என்றது. ஐந்தாண்டு கழிந்தது, பெறாதோர் இலட்சக்கணக்கில் இருந்தனர். 2017 இல் சட்டத்தைத் திருத்தி, 2019 மார்ச்சு 31 வரை காலம் நீட்டினர். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே, தொலைக்காட்சியும் இணையமும் துணைகொண்டு, பணியிலிருந்த பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதினெட்டு மாதப் பட்டயப் படிப்பில் சேர்ந்தனர். உலகின் மிகப் பெரிய மாற்று வழிகளிலே அதுவும் ஒன்றாக இருக்கும். பின்னர், 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பணிக்காலம் ஐந்தாண்டுக்கு மேல் எஞ்சியுள்ள ஆசிரியர்கள் ஈராண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று. இருபதாண்டு கற்பித்தவர் இரவிலே விளக்கடியில் அமர்ந்து மீண்டும் பாடம் படிக்கும் நிலை. அவர்பால் இரக்கம் வருகிறது. ஆசிரியரைக் குறைந்த செலவில் அமர்த்திக்கொள்ளும்போது அரசுகளும் நிர்வாகங்களும் கேளாத கேள்வியை, நரைத்த பிறகு கேட்பது நீதியா என்று வினவத் தோன்றுகிறது. ஆனால் அவர் எதிரே அமர்ந்திருக்கும் குழந்தைக்கும் ஒரு வழக்கு உண்டே! அதை யார் வாதாடுவது?

அந்தக் குழந்தையின் வழக்கை நான் வாதாட வேண்டியவன். ஏனெனில் அதிலே நான் குற்றவாளி.

பி.ஏ. முடித்த ஆண்டு. பயிற்சிக் கல்லூரியில் சேரப் பணமில்லை. ஒரு தனியார் பள்ளியிலே வேலை கிடைத்தது. எந்தப் பள்ளி என்பது வேண்டாம். மூன்றாம் வகுப்பைக் கொடுத்தார்கள், எப்படிக் கற்பிப்பது என்று எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 'தமிழ் படித்தவனுக்குத் தமிழ் சொல்லித் தரத் தெரியாதா?' என்ற செருக்கு. வகுப்பிலே ஒரு சிறுவன் இருந்தான். தந்தை செங்கல் சூளையில் வேலை செய்பவர். நூலைக் கையிலேந்திக் கணீரென்று படிப்பான். ஓர் எழுத்துப் பிழை இராது. 'பார், அவனைப் போல் படிக்க வேண்டும்!' என்று மற்றவர்களுக்கு அவனைக் காட்டினேன். ஆண்டு முடிந்தது. சேர்த்த பணத்தோடு நான் பி.எட். சேர்ந்தேன்.

பயிற்சியின்போது ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே ஓய்வு பெறும் வயதிலிருந்த தமிழாசிரியை ஒருவர் எனக்கு வழிகாட்டி. ஆறாம் வகுப்பிலே ஒரு சிறுமி தங்குதடையின்றிப் படித்தாள். 'நன்று' என்றேன். வகுப்பு முடிந்ததும் அந்த அம்மையார் என்னை அழைத்தார். "தம்பி, அவள் படிக்கவில்லை, ஒப்பிக்கிறாள். காதால் கேட்டதை மனத்தில் பிடித்துக்கொண்டு சொல்கிறாள். நாளைக்கு வரியின் நடுவிலே ஒரு சொல்லைத் தொட்டு, இது என்ன என்று கேட்டுப் பாருங்கள்" என்றார். மறுநாள் தொட்டேன். அவள் வரியின் தொடக்கத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்து, அந்தச் சொல்லை எட்டிப் பிடிக்க முயன்றாள். முடியவில்லை. கண் கலங்கிற்று.

அந்தக் கணத்திலே என் முன் நின்றவள் அந்தச் சிறுமி அல்லள், சூளைக்காரர் மகன்! அவனும் இப்படித்தான் படித்தான். ஓராண்டு முழுவதும் அவன் நூலைக் கையிலேந்தி ஒப்பித்தான், நான் கைதட்டினேன். உதவி தேவைப்பட்ட பிள்ளையை முன்மாதிரியாக நிறுத்தினேன். நடுச்சொல்லை ஒரு நாளேனும் தொட்டுக் கேட்டேனில்லை. என் நெஞ்சிலே தீமை இல்லை. அவன்பால் எனக்கு அன்புதான். ஆனால் என் அன்பு அவனுக்கு எழுத்தறிவித்ததா? அந்த ஓராண்டிலே நான் கற்றுக்கொண்டேன் என்கிறேன். அதற்கான விலையைச் செலுத்தியவன் யார்? எட்டு வயதுச் சிறுவன்! அதைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது. அவன் குடும்பம் வேறு சூளைக்குப் போய்விட்டது.

இப்போது நண்பருக்குரிய விடை வருகிறது. எந்தத் தொழிலிலும் தொடக்கக்காரர் பிழை செய்வர். பிழையின்றிக் கற்றோர் இல்லை. நேர்வழியில் வந்தவரும் பிழை செய்வர். ஆகவே, 'எந்த வழியில் வந்தார்?' என்பதன்று அறத்தின் கேள்வி. 'அவர் கற்கும் காலத்துப் பிழைக்கு விலை கொடுப்பவர் யார்?' என்பதே கேள்வி. அந்த அம்மையார் அருகிலிருந்ததால், ஆறாம் வகுப்புச் சிறுமி என் பிழைக்கு ஒரு நாள் விலை கொடுத்தாள். அருகில் எவருமில்லாததால், சூளைக்காரர் மகன் ஓராண்டு விலை கொடுத்தான். இரண்டு பிழையும் என்னுடையவைதாம். வேறுபாடு, உடன் நின்ற கண்களிலே இருந்தது. கல்லூரி விரிவுரையிலே நான் பெறாத அந்தப் பாடத்தை, பள்ளியிலே, பழுத்த ஆசிரியை ஒருவரிடம் பெற்றேன் என்பதையும் கவனியுங்கள்.

ஆகவே, மாற்று வழி எதையும் மூன்று கேள்விகளால் உரைத்துப் பார்க்க வேண்டுகிறேன். புதியவரோடு உடனிருந்து கண்காணிக்கும் மூத்தவர் உண்டா? அவர் கற்றுக்கொள்வதற்காக ஏழைப் பள்ளிகள் மட்டும்தான் ஒதுக்கப்படுகின்றனவா, செல்வர் பள்ளிகளும் உண்டா? வழி எதுவாயினும், முடிவிலே நிற்கும் அளவுகோல் ஒன்றுதானா?

இவை நடக்காத கனவுகள் அல்ல. பாஸ்டன் நகரிலே 2003 இல் தொடங்கிய திட்டமொன்று, மருத்துவர்க்கு அளிக்கும் உறைவிடப் பயிற்சியை முன்மாதிரியாகக் கொண்டது. பட்டதாரி ஓராண்டு முழுவதும் அனுபவம் மிக்க ஆசிரியரின் வகுப்பிலே அவரோடு இணைந்து பணியாற்றுகிறார், உதவித்தொகை பெறுகிறார், உடன் பாடமும் படிக்கிறார், அதன் பிறகே தனி வகுப்பு. பிழை நேரும், நேர்ந்தவுடன் திருத்த ஆள் இருக்கிறார். விலையை ஊர் கொடுக்கிறது, குழந்தையல்ல.

செலவாகுமே என்பார்கள். ஆகும்! அந்தச் செலவைச் செய்யாதபோது அது மறைந்துவிடுகிறதா? இல்லை, குழந்தையின் கணக்கிலே எழுதப்படுகிறது. குழந்தைக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாது என்பதால், நாம் சிக்கனக்காரர் என்று பெயரெடுக்கிறோம்.

நண்பரே! கதவை உடைத்துவிடு என்று நீர் கேட்டால், நான் உம்மோடு வரமாட்டேன். கதவுக்குக் கட்டணம் வைக்காதே, நடந்து வர இன்னொரு படியும் கட்டு, படியேறுகிறவன் பட்டினி கிடக்காமல் படிக்கட்டும், பழுத்த ஆசிரியர் ஒருவர் அவன் கைபிடித்து நடத்தட்டும் என்று கேளும். உம்மோடு தெருவுக்கு வருகிறேன். உம்மைப் போன்ற ஒருவரைப் பட்டறையிலே வைத்திருப்பது நாட்டுக்கு இழப்பு. ஆனால் உம்மைக் கண்காணிப்பின்றி ஒரு வகுப்பிலே தள்ளிவிடுவது, வாய் திறந்து முறையிடத் தெரியாத சிறாருக்கு இழைக்கும் அநீதி.

அதுவரை, உம் திண்ணைக்கு நான் வருகிறேன். நாளை மாலையே வருகிறேன். நீர் எனக்குக் கணக்குப் பாடம் நடத்தும் வகையைக் காட்டும். நான் உமக்கு, வரியின் நடுவிலே ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்பது எப்படி என்று காட்டுகிறேன்.